அண்ணை சொல்லாமல் விட்ட விடை

அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்தக் கல்வெட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை எழுதுவது. இரங்கற் செய்யுள்கள் முன்பக்கங்களில் இருக்கின்றன. அவற்றில் அண்ணை ஆலமரமாகவும் அணையா விளக்காகவும் வருகிறார். எழுதித் தந்த ஐயாவுக்கு நன்றி. எனக்கு அப்படி எழுத வராது, தெம்பும் இல்லை. அம்மாவை வைத்துப் பார்த்தேன், பிறகு அண்ணையைப் பார்த்தேன். இப்போது பார்ப்பதற்கு ஒருவருமில்லை என்று ஆனபிறகுதான் உடம்பு எவ்வளவு களைத்துப் போயிருக்கிறது என்று தெரிகிறது.

அண்ணை அரியாலையில், ஆழமில்லாத பரவைக்கடலில் இறால் பிடித்துச் சீவித்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்கள் தகப்பனார் நேரத்தோடு கண்ணை மூடிவிட்டதால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வலையைத் தூக்கினார். அவரைக் கெட்டிக்காரர் என்று ஒருவரும் சொன்னதில்லை; பொறுமைசாலி என்று எல்லாரும் சொன்னார்கள். போர் முற்றிய காலத்தில் அலைந்து உலைந்து டென்மார்க் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் மீன்தான். துறைமுக ஊர் ஒன்றில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை. "இஞ்சை மீனைத் தொடுறதெண்டாலும் கையுறை போடவேணும், பிள்ளை" என்று சொல்லிச் சிரிப்பார். கலியாணம் செய்யவில்லை. கேட்டால், "முதல்லை ஊருக்கு வருவம், பிறகு பாப்பம்" என்பார்.

அந்த வருவதுதான் நடக்கவில்லை. அகதிகளுக்கு அந்த நாடு கொடுத்த பயணப் புத்தகத்தோடு மற்ற எங்கேயும் போகலாம், இலங்கைக்கு மட்டும் வரக்கூடாது. அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தால் வரலாம். குடியுரிமைக்கு டேனிஷ் மொழிச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். இங்கே அம்மா பாரிசவாதத்தில் விழுந்து கிடந்தா. அம்மாவை உயிரோடு பார்ப்பதென்றால் அண்ணை அந்தச் சோதனையில் தேற வேண்டும். வேறு வழி இருக்கவில்லை.

விடியப் புறம் வேலை, பின்னேரம் வகுப்பு. அரையும் குறையுமாகப் பள்ளிக்கூடம் போன மனிதர் நரைவிழுந்த தலையோடு வாங்கில் இருந்து படித்தார். படிப்பித்த ஆசிரியையைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம், அங்கே அதுதான் வழக்கமாம். அண்ணைக்கு அது கடைசிவரை வாயில் வரவில்லை. "டீச்சர்" என்றே கூப்பிட்டார். மொழியைப் பற்றிக் கேட்டால், "எழுதுறதிலை அரைவாசியை விழுங்கிப்போட்டுத்தான் கதைக்கிறாங்கள். விழுங்கினதை நாங்கள் எங்கை போய்த் தேடுறது?" என்பார்.

அங்கத்தைய புள்ளிக் கணக்கும் ஒரு புதினம். ஆகக் கூடியது பன்னிரண்டு, இரண்டு எடுத்தால் பாஸ். சைபருக்குக் கீழேயும் ஒரு புள்ளி இருக்கிறது. இதைக் கேட்டு அம்மா, "நூற்றுக்கு ரண்டு எடுக்க ஏலாமலே இவன் கிடந்து மாயிறான்?" என்றா. அம்மாவுக்குக் கையும் காலும்தான் விழுந்தன, வாய் விழவில்லை.

வாய்ச் சோதனைக்குப் பழக அண்ணைக்கு ஆள் தேவைப்பட்டது. நான்தான் அகப்பட்டேன். டேனிஷ் கேள்விகளைத் தமிழ் எழுத்தில் எழுதி ஃபோனில் அனுப்புவார். நான் மீன் கழுவிக்கொண்டே அவற்றைக் கேட்க வேண்டும். "வோ கொம்மர் டு ஃப்ரா?" என்பேன். எங்கேயிருந்து வந்திருக்கிறாய் என்று அர்த்தம். அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்க முதல், கட்டிலில் கிடந்தபடி அம்மா சொல்லுவா: "அரியாலையிலை இருந்து எண்டு சொல்லடா தம்பி!" மூன்று பேரும் சிரிப்போம். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் சிரிப்பு இருந்ததென்றால் அது டேனிஷ் சோதனையால்தான்.

முதல் தரம் எழுத்தில் கோட்டைவிட்டார். அடுத்த தரம் எழுத்தும் வாசிப்பும் ஒப்பேறிவிட்டன, வாய்ச் சோதனை மட்டும் மிச்சம். டீச்சரும் வெளியிலிருந்து வந்த ஒரு பெண் பரீட்சகரும் முன்னால் இருந்தார்கள். ஒரு துண்டை எடுக்கச் சொன்னார்கள். அண்ணைக்கு வந்த தலைப்பு முதியோர் பராமரிப்பு. எங்களோடு பழகிய தலைப்புத்தான். எங்கள் ஊரில் தாய் தகப்பனைப் பிள்ளைகளே வைத்துப் பார்ப்பார்கள் என்று பிழையில்லாமல் சொல்லிக்கொண்டு போனாராம். அந்தப் பரீட்சகர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, நல்ல மனதோடுதான் கேட்டிருக்கிறார்: "உங்கள் அம்மாவை யார் பார்க்கிறார்கள்?"

அண்ணை பேசவில்லை. திருப்பிக் கேட்டார்களாம். பேசவில்லை. டீச்சர் வேறு கேள்வி போட்டும் அவர் வாய் திறக்கவில்லை. வெளியே இருத்திவிட்டுத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்ன புள்ளி சைபர்.

"அந்தச் சொல் தெரியாதே அண்ணை உங்களுக்கு?" என்று ஃபோனில் கேட்டேன்.

"தெரியும். தங்கச்சி எண்டு சொல்லத் தெரியாதே?"

"பிறகென்ன?"

"சொன்னால், நான் பாக்கேல்லை எண்டு நானே சொல்லுற மாதிரியெல்லோ, பிள்ளை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "தூக்கி இருத்துறது நான், குளிப்பாட்டுறது நான், சோறு தீத்துறது நான். என்னைச் சொல்ல உங்களுக்கு என்ன வெக்கம்? ஒரு சொல் சொல்லியிருந்தால் அம்மாவை வந்து பாக்கலாமெல்லோ!" என்று கத்தினேன். அம்மாவுக்குக் கேட்டது. அன்று அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டா.

அடுத்த சோதனை வருமுன் அம்மா போய்விட்டா. மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியைச் சித்தப்பாவின் மகன் வைத்தார். அண்ணை ஃபோன் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி ஏன் படிக்கிறியள் என்று கேட்டேன். "நீ இருக்கிறாய்தானே" என்றார். அடுத்த தரம் சைக்கிள் பாதைகளைப் பற்றிக் கேட்டார்களாம். இரண்டு புள்ளி. பாஸ். அம்மா கிடந்தபோது அம்மாவைக் கேட்டவர்கள், அம்மா போனபிறகு சைக்கிளைக் கேட்டார்கள். யாரை நோவது? "சந்தோசம் அண்ணை" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போனேன். பிறகு குடியுரிமைக்குக் காத்திருப்பு. ஒருவழியாக வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் விட்டார்களாம். வீட்டுக்கு வந்தவர் அம்மாவின் வெறுங்கட்டிலில் இருந்து நெடுநேரம் அழுதார்.

வரும்போதே உடம்பில் வருத்தம் இருந்திருக்கிறது. புற்றுநோய் என்று தெரிந்தபோது கைமிஞ்சிப் போய்விட்டது. அம்மாவின் கட்டிலிலேயே கிடந்தார். ஒருநாளும் ஒருவரையும் நோகப் பேசவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். நேரம் பாராமல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன ஓட்டோத் தம்பிக்கும், எனக்குச் சோறு கொண்டுவந்து தந்த அயலட்டைச் சனத்துக்கும், அண்ணைக்குக் கொள்ளி வைத்த என் மருமகன், சித்தப்பாவின் பேரனுக்கும், செய்தி கேட்டு அங்கிருந்து ஃபோனில் அழுத டீச்சருக்கும் நன்றி.

பெயர் கேட்க மறந்துபோன அந்த இளம் டாக்குத்தர் பிள்ளைக்கும் நன்றி சொல்ல வேண்டும். கடைசிக் கிழமையில் ஆஸ்பத்திரி வாட்டுக்கு வந்து, எல்லாரிடமும் கேட்பதைத்தான் கேட்டார்: "ஐயா, வீட்டிலை உங்களை ஆர் பாக்கிறது?" அண்ணைக்கு மூச்செடுக்கவே கஷ்டம், அதனால் நான் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி என்னை நிற்பாட்டினார்.

"என்ரை தங்கச்சி" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தப் பிள்ளை கேளாததையும் சொன்னார்: "அம்மாவையும் அவதான் பாத்தவ. நான் பாக்கேல்லை."

டாக்குத்தர் பிள்ளை, நீங்கள் கேட்டதற்கு நன்றி.