பத்து நிமிடத்தில் மங்கும் கோடு

ரத்தத்தை ஆராய்வது என் வேலை. போன வருடத்திலிருந்து எம்.பி.ஏ.வும் படிக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் உருவான ரத்தசோகைப் பரிசோதனை அட்டையை மக்கள் வாங்குவார்களா என்று நேரில் கேட்டு வரச் சொல்லிவிட்டார் பேராசிரியர்.

இன்று காலை போடிமெட்டுக்குப் போகும் தொழிலாளர் ஜீப்பில் ஏறினேன். பக்கத்தில் ஏலக்காய் எடுக்கப் போகும் பாண்டியம்மாக்கா.

"வீட்டுலயே பாத்துக்கலாம்க்கா. விரல்ல ஒரு சொட்டு ரத்தம் போதும். ரத்தம் கம்மின்னா கோடு விழும்."

"கம்மின்னு எனக்கே தெரியும் ஆத்தா. மேடு ஏறயில மூச்சு வாங்குதுல்ல. கங்காணிதான் நம்ப மாட்டேங்குறாரு. சோலிக்குப் பயந்து நடிக்கிறேங்குறாரு. இதக் கொண்டுபோய் அவருகிட்டக் காட்டலாமா?"

"பத்து நிமிஷத்துல கோடு மங்கிரும்க்கா."

அக்கா கொண்டை ஊசி வளைவைப் பார்த்தபடி சொன்னார்: "எஸ்டேட்டு போய்ச் சேரவே ஒரு மணி நேரமாகுமே. அழியாத மாதிரி செஞ்சு கொண்டா, மொத ஆளா நான் வாங்குறேன்."

நோயாளிக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் இத்தனை வருடமும் ஆய்வகத்தில் நினைத்திருந்தோம்.

கையில் இருந்த படிவத்தில் 'வாங்குவார்', 'வாங்கமாட்டார்' என்று இரண்டே கட்டங்கள்.

எம்.பி.ஏ. முடித்தவர்கள் யாராவது சொல்லுங்கள், கங்காணிக்கு எங்கே கட்டம் போடுவது?