வாசலில் நின்ற சிமெண்டு உறை

எல்லோருக்கும் தேவையான, ஆனால் யாரும் தன் வாசலில் விரும்பாத ஒரு பொருள் யார் வீட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும்? பத்து வயதில் கடலூரில் எனக்குள் எழுந்த இந்தக் கேள்விக்கு, ஒரு குழந்தைக்குத் தாயான பிறகும் எனக்குப் பதில் தெரியவில்லை.

மஞ்சக்குப்பத்தில் நாங்கள் இருந்த தெருவை நினைத்தால், அம்மா அரைத்து வைத்த இட்லி மாவின் இளம் புளிப்பும், மழையில் ஊறிய பலாப்பழச் சடையும் மீன் செதிலும் சேர்ந்து அழுகிய நாற்றமும் ஒரே காற்றில் வந்து மூக்கில் ஏறும். மாவு விற்பது எங்கள் பாதிப் பிழைப்பு. நாற்றம், தெருமுனையில் வைக்கப்பட்ட குப்பைத்தொட்டியுடையது. தொட்டி என்றாலும் அது கிணற்றுக்குள் இறக்குகிற சிமெண்டு வளையம்தான். தெருவில் எல்லோரும் "உறை" என்றே சொல்வார்கள். குப்பையை அதில்தான் போட வேண்டும், சாக்கடையில் கொட்டினாலோ தொட்டியை நகர்த்தினாலோ அபராதம் என்று நகராட்சிக்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துவிட்டுப் போனார்கள்.

குப்பை வண்டி வரும் நாளில் ஆட்கள் உறையைச் சாய்த்து, உள்ளே இருப்பதை வாரிக்கொண்டு, அதைப் படுத்தவாக்கிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். வினையே அதில்தான். படுத்துக் கிடக்கும் உறையை நிமிர்த்துவதைவிட உருட்டுவது சுலபம். முனை வீட்டுக்காரர்கள் அடுத்த வீட்டுக்கு "உருட்டிவுட", அவர்கள் அதற்கடுத்த வீட்டுக்கு உருட்டிவிட, யார் உருட்டியது என்று யாருமே பார்க்காத பாவனையில் உறை வாராவாரம் ஊர்ந்து, ஓர் ஆடி மாதம் எங்கள் வாசலுக்கு வந்தது. வந்தது, அங்கேயே தங்கிவிட்டது. ஏனென்றால் அந்தத் தெருவில் மைக் அறிவிப்பை மதித்த ஒரே மனிதர் என் அப்பா.

அப்பா கோர்ட்டில் டைப்பிஸ்ட். "வச்சது அவுங்க. எடுக்கணும்னாலும் அவுங்கதான் எடுக்கணும்" என்பார். நகராட்சி ஆபீசுக்கு நேரில் போய்ச் சொல்லியும் பார்த்தார். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், ஆள் வரவில்லை.

"அவுங்க வச்சது முனையில. நம்ம வாசல்ல வச்சது தெரு" என்றார் அம்மா. அப்போதும் அப்பா உறையில் கை வைக்கவில்லை.

தூக்குச்சட்டியோடு மாவு வாங்க வந்தவர்கள் முதலில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாங்கினார்கள். பிறகு ஈ விழுந்திருக்குமோ என்று சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு வரவில்லை. ஆனால் உறையில் குப்பை போட மட்டும் அவர்களேதான் தவறாமல் வந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஒரு குப்பை வண்டி நாளில், தெருவே குழாயடியில் நின்றிருந்த நேரத்தில், அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்து, படுத்துக் கிடந்த உறையில் இரண்டு கைகளையும் வைத்தார். மற்றவர்களைப்போல ஒளிந்து மறைந்து செய்ய அவருக்கு வரவில்லை. உறை நகரத் தொடங்கியது. எதிர்வீட்டு செல்வம் மாமா, ஆட்டோ ஓட்டுபவர், எல்லாவற்றுக்கும் ஒரு கேலி வைத்திருப்பவர், வண்டிக் கண்ணாடியைத் துடைத்தபடியே கேட்டார்.

"என்னா அண்ணி, தேர் வடம் புடிக்கிறீங்களா? நாங்களும் ஒரு கை புடிக்கட்டா?"

"புடிங்க. எங்க நிறுத்தணும்னு மட்டும் நீங்க சொல்லுங்க."

மாமா சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அம்மா உருட்டிக்கொண்டே போனார். உறை எந்த வீட்டை நெருங்கியதோ அந்த வீட்டுக்காரர் குடத்தை அப்படியே வைத்துவிட்டுத் தன் வாசலில் போய் நின்றார். யாரும் சண்டை போடவில்லை, வெறுமனே நின்றார்கள். முனையில், அது முதலில் இருந்த இடத்தில், யாரோ பைக் நிறுத்தத் தகரக் கொட்டகையே போட்டிருந்தார்கள். நடுத்தெருவில் உறையைப் பிடித்தபடி அம்மா நின்ற அந்த நேரம் எனக்கு இன்னும் முடியவில்லை. கடைசியில் அப்பா இறங்கி வந்தார். இருவரும் சேர்ந்து உறையை எங்கள் வாசலுக்கே உருட்டி வந்து நிமிர்த்தினார்கள்.

அதன்பின் மாவு வியாபாரம் கொல்லைப்புறச் சந்துக்குப் போனது. சந்து தேடி வருபவர்கள் குறைந்து, மறு வருஷம் கிரைண்டரையும் விற்றுவிட்டோம். பிறகு கடலூரைப் புரட்டிப்போட்ட தானே புயலில் தெருவின் மரங்களெல்லாம் விழுந்தன. உறை மட்டும் அசையவில்லை.

இப்போது சிதம்பரத்தில் இருக்கிறேன். உறைகள் எங்கும் இல்லை, எங்கள் வீட்டில் மாவும் கடையில்தான் வாங்குகிறோம். வீடு தேடி வண்டி வருகிறது. நான் ஈரக் குப்பையையும் காய்ந்த குப்பையையும் பிரித்து, சரியாகப் பிரித்தேனா என்று மறுபடி திறந்து பார்த்தே கொடுக்கிறேன். ஆனால் எங்கள் சுவரோரம் ஒரு காலத்தில் தொட்டி இருந்ததாம். தொட்டி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. தினமும் முடிச்சுப் போட்ட கவர்கள் வந்து விழுகின்றன. புகார் சொன்னால் அள்ளுகிறார்கள், மறுநாள் மறுபடி. "நாலு வீடு தள்ளிப் போட்டுட்டு வந்துடறேன், வுடு" என்கிறார் கணவர். போடச் சொன்னால் நான் அந்தப் பழைய தெருவில் ஒருத்தி ஆகிவிடுவேன். வேண்டாமென்றால், அப்பாவைப்போல நியாயமாக இருந்து என் வீட்டையே தண்டிக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

உங்கள் தெருவில் இது எப்படித் தீர்ந்தது? சண்டை போட்டா, கூடிப் பேசியா, யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். என் மகள் வாசல்வரை தவழ்ந்து வரத் தொடங்கிவிட்டாள்.