ரூஃபினா வாங்கிய வெறும் சில்லு

மலாபோன் ஊரில் டயர் பஞ்சர் ஒட்டியே மூன்று மாடி வீடு கட்டினவன் நான். பள்ளிக்கூடத்துக்கு மூன்றாம் வகுப்போடு கும்பிடு போட்டாயிற்று. கொத்தனாரும் நானே, வயர் இழுத்தவனும் நானே. கீழே என் கடை, மேலே குடித்தனங்கள், எல்லாருக்கும் சேர்த்து மாடிப்படிக்குக் கீழே ஒரே பிரேக்கர். அது விழுந்தால் மொத்த வீடும் இருட்டு. அதனால் என் வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம். என்னை எதிர்த்துப் பேசிவிட்டு இன்றைக்கும் அங்கேயே குடியிருப்பவள் ஒருத்திதான். ரூஃபினா.

நாற்பத்தேழு வயது. சாயங்காலம் தெருமுனையில் கோழிக்குடலைக் குச்சியில் குத்திச் சுட்டு விற்பாள். பகலில் காசு போட்டு ஆடும் கம்ப்யூட்டர் கடையில் சண்டை விளையாட்டு. ஐந்து பேர் அணி. தலைவன் டிண்டோ, டிரைசிக்கிள் ஓட்டுகிறவன். திடீரென்று அந்தக் கடையை மூடிவிட்டார்கள்.

"திருவிழாப் போட்டிக்குள்ள சொந்த மெஷின் வெச்சுக்கக்கா. இல்லன்னா உன் இடத்துல முடிவெட்டுறவர உக்கார வெச்சுருவேன்" என்றான் டிண்டோ.

என்னிடம் வந்து கேட்டாள். முடியவே முடியாது என்றேன். அவளுக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவன் பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட மெஷின் வைத்து, நான் இழுத்த வயரையே கருக்கிவிட்டுப் போனான்.

"மாங் ஹெர்மி, உங்க வீட்டம்மாவோட ஏசி குடிக்கிற கரண்டுல கால்வாசி கூடக் குடிக்காத மெஷின் கொண்டாரேன். அப்பவும் மாட்டேன்னுவீங்களா?" என்றாள். ஹெர்மினியோ என்கிற என்னை எல்லாரும் மரியாதையாகக் கூப்பிடுவது மாங் ஹெர்மி என்றுதான்.

"எல்லார் வீட்டுலயும் எல்லாத்தையும் போடச் சொல்லுவேன். பிரேக்கர் விழுந்துச்சு, உன் மெஷின் தெருவுக்குப் போயிரும்."

"விழலன்னா?"

"இருந்துட்டுப் போகட்டும். ஹெர்மினியோ வாக்கு மாறுனதா எவனாச்சும் சொல்லியிருக்கானா?"

டிண்டோவின் டிரைசிக்கிளில் மூன்று பேரும் ஆளேற்றுகிற ஜீப் நிற்கும் இடத்துக்குப் போய், அங்கிருந்து கில்மோர் தெருவுக்குப் போனோம். அங்கே கடைக்குக் கடை கம்ப்யூட்டர் சாமான்தான். டிண்டோ ஒரு மலிவான பிராசஸரைக் காட்டினான். வேகம் உண்டு, ஆனால் அதற்குத் தானாகப் படம் காட்டத் தெரியாது. கூடவே ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கியாக வேண்டும்.

"எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க, அக்கா. படம் கண்ணாடி மாதிரி இருக்கும்."

ரூஃபினா கடைக்காரனைப் பார்த்தாள். "தம்பி, ரெண்டும் சேர்ந்து எவ்வளவு கரண்டு குடிக்கும்?"

அவன் சொன்னதும், "மாங் ஹெர்மி மொகத்தப் பாருங்க. இப்பவே என் மெஷினத் தெருவுல வெச்சுட்டாரு" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் அவள் எடுத்தது வேறொன்று. படம் காட்டும் வேலையையும் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் பிராசஸர். கார்டு தேவையில்லை. அதிலும் அட்டைப்பெட்டி கிடையாது, சூடு தணிக்க மேலே வைக்கும் காத்தாடி கிடையாது, வெறும் சில்லு. அதனால் விலை குறைவு. காத்தாடியைப் பக்கத்துக் கடையில் பழையதாக வாங்கிக்கொண்டாள்.

"பெட்டியில்லாத பொணம் மாதிரி இருக்கே அக்கா" என்றான் டிண்டோ.

"பொணமாடா? போட்டியில நீ செத்துக் கெடக்கும்போது இதுதான் வந்து காப்பாத்தும். வாய மூடிட்டு வண்டிய எடு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் பரீட்சை. சோற்றுக் குக்கர்கள், இஸ்திரிப் பெட்டிகள், என் மனைவி லோலெங்கின் ஏசி, எல்லாம் ஓடின. ரூஃபினா அணியோடு ஆட உட்கார்ந்தாள். டிண்டோ அவன் வீட்டிலிருந்து ஆடினான், குரல் மட்டும் அவள் மெஷினில் கேட்டது. நான் பிரேக்கர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அது அசையவே இல்லை. குக்கரெல்லாம் பொங்கி அடங்கியும் அசையவில்லை.

எல்லாம் என்றால் எல்லாம்தானே? டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் கடையில் தனி மீட்டரில் இருந்தது. அதை உருட்டிவந்து வீட்டு லைனில் சொருகினேன். ஒரு உறுமல், டப்பென்று பிரேக்கர் விழுந்தது.

"விழுந்துருச்சு! மெஷினத் தூக்கு!" என்றேன்.

ரூஃபினா மாடியிலிருந்து இறங்கிவந்தாள். கையில் அவள் மெஷினின் பிளக் வயர். கழற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"இந்தாங்க, என் மெஷினோட மூச்சு உங்க கையில. இப்பப் பிரேக்கரத் தூக்கிட்டு உங்க கம்ப்ரஸரப் போடுங்க."

"எதுக்கு?"

"போடுங்க மாங் ஹெர்மி. பயமா?"

எனக்கா பயம்? போட்டேன். டப்.

குடித்தனக்காரர்கள் எல்லாரும் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோலெங் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"இப்ப எதத் தெருவுல வெக்கலாம்? சொல்லுங்க" என்றாள் ரூஃபினா.

கம்ப்ரஸர் பிளக்கைப் பிடுங்கினேன், பிரேக்கரைத் தூக்கினேன், வயரை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். ஆட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினுக்கு உயிர் வந்ததும் டிண்டோவின் கத்தல் கீழே வரை கேட்டது.

"எங்கக்கா போன? நாலு பேரா நின்னு சாகுறோம்!"

"வீட்டுக்காரருக்குப் பாடம் எடுக்கப் போனேன். நீ செத்துட்டியா?"

"ரெண்டு தடவ!"

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே. நகரு, நான் வர்றேன்."

போட்டி திருவிழாவன்று மதியம். கடைக்கு நானே லீவு விட்டேன், கம்ப்ரஸரைச் சங்கிலி போட்டுப் பூட்டினேன், லோலெங்கின் ஏசியையும் அணைத்தேன். அவள் முணுமுணுத்தாள். முணுமுணுக்கட்டும். பிரேக்கர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் எல்லாரிடமும் சொன்னேன்: மேலே ஆடுகிறது ஹெர்மினியோ வீட்டு மெஷின்.