கடைசிப் பாத்தி

மரக்காணம் உப்பளத் தொழிலாளி சடையப்பனின் அம்மாவின் படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போட நான் போன ஒரு காலையில், அவன் மனைவி அம்சவல்லி தாய்வீட்டுக்குக் கிளம்பப் பை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அவரு என்னைத் தொட்டு ஆறு மாசமாச்சு நர்சம்மா. எவளோ ஒருத்தி இருக்கா."

சடையப்பனைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

"எவளும் இல்லம்மா. எழும்பவே மாட்டேங்குது. லேகியம் தின்னும் பிரயோஜனம் இல்ல."

"வேலை செய்யறப்ப நெஞ்சு இறுக்குதா?"

"வரப்பு ஏறினாலே இறுக்குதும்மா."

அந்த உறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் இதயக் குழாயைவிடச் சிறியது, அடைப்பு பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும் என்றேன். அவன் தூரத்து உப்புப் பாத்திகளைப் பார்த்தான்.

"கடைசிப் பாத்திக்குத் தண்ணி வரலைன்னா வாய்க்கால்லதான் கோளாறு."

அம்சவல்லியிடம் விஷயத்தைச் சொல்லி, உடனே இருவரையும் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். சர்க்கரை ஏறியிருந்தது, இதயத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரை அடங்கியதும், அவன் சொல்லக் கூசிய குறைக்கும் இதய மாத்திரையோடு ஒத்துப்போகும் சிகிச்சையை டாக்டரே தொடங்கினார்.

"என் சக்களத்தி பேரு சுகர்னு தெரியாமப் போச்சே!" என்று அம்சவல்லி சிரித்தாள்.

எத்தனையோ உடம்புகளைக் கழுவித் துடைத்தவள் நான். இதை நினைத்து மட்டும் இன்னும் வியக்கிறேன். இதயம் நிற்பதற்கு முன்பே, ஆண்பிள்ளை வெளியே சொல்லக் கூசும் இடத்திலிருந்து உடம்பு கூப்பிட்டுவிடுகிறது.