கோபுரத்தின் உள்ளே

திண்டிவனத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு கல்லூரியில் நான் கெமிக்கல் இன்ஜினியரிங் நடத்திக்கொண்டிருந்தேன். சேர ஆளில்லாமல் துறையையே மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். கடைசியாகச் சேர்ந்த வகுப்பில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பிள்ளைகள். அதில் ஒருத்தி கோட்டக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவளுடைய அப்பாவுக்கு, அவள் வாயில் அத்தாவுக்கு, வளைகுடாவில் ஒரு கேஸ் பிளான்ட்டில் பெயிண்டர் வேலை.

வாயுவைச் சுத்தப்படுத்தும் உறிஞ்சு கோபுரக் கணக்கு என்றாலே பிள்ளைகளுக்குப் பேஜாரு. மேலிருந்து எண்ணெய் தட்டுத் தட்டாக இறங்கும். கீழிருந்து வாயு ஏறும். வாயுவில் கலந்திருக்கும் கனமான பொருட்களை எண்ணெய் வழியிலேயே வாங்கிக்கொள்ளும். எந்தத் தட்டில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஓட்டம் என்பது முதலில் தெரியாது. உத்தேசமாக ஒன்றை வைத்துத்தான் தொடங்க வேண்டும். வருகிற விடையை மறுபடி உள்ளே போட்டு, திரும்பத் திரும்பக் கணக்குப் பார்க்க வேண்டும், விடை அசையாமல் நிற்கும்வரை.

கம்ப்யூட்டர் இதை நொடியில் செய்துவிடும். அவளோ ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்த்தால்தான் விடுவாள். விடை நிற்காமல் இப்படியும் அப்படியுமாக ஆடினால், பழைய விடைக்கும் புதிய விடைக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போவாள். அது நான் சொல்லிக்கொடுத்ததல்ல.

லீவில் வந்திருந்த அவளுடைய அத்தா ஒரு மதியம் கல்லூரிக்கு வந்தார். மகள் படிக்கிற இடத்தைப் பார்க்க ஆசை. வகுப்பிலேயே உட்காரச் சொன்னேன். அவள் போர்டில் கோபுரத்தை வரைந்து, தட்டுகளைக் கோடு போட்டுக் காட்டினாள். அவர் எழுந்து போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"இந்த டவருக்குத்தாம்மா நான் பெயிண்ட் அடிச்சிக்கினு கெடக்கேன். உள்ள என்னா நடக்குதுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

"ஒண்ணும் தெரியாமத்தான் ஆரம்பிக்கணும் அத்தா. போடப் போட சரியாயிடும்" என்றாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று என்னிடம் கேட்டார்: "மேடம், இவ அங்க வந்து வேலையில சேருவாளா? நான் வெளியில, இவ ஆபீஸ் உள்ள."

"கண்டிப்பா சேருவாங்க" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

படிப்பு முடிந்து, அவள் ஏறி இறங்காத இடமில்லை. விழுப்புரத்து வேலைவாய்ப்பு முகாமில் அனுபவம் கேட்டார்கள். புதுச்சேரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டுக்கு ஆம்பளைங்கதான் வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தேன். ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை. அதற்குள் எங்கள் துறை மூடப்பட்டு, நான் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தப் போய்விட்டேன்.

போன மாதம் திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்தேன். பில் போடும் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"அத்தா எப்படி இருக்காங்க?"

"ஊருக்கே வந்துட்டாங்க மேடம். கான்ட்ராக்ட் முடிஞ்சுதுன்னு அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு யாரு வந்தாலும் அந்த டவர் கதைதான். தப்பா சொன்னா நான் திருத்துவேன்." சிரித்தாள்.

இவளைப் போலக் கணக்குப் போட்ட ஒருத்தி என் வகுப்புக்கு வந்ததே இல்லை என்று சொல்ல நினைத்தேன். பின்னால் வரிசை நீண்டது. ஒரு பெரியவர் "ஜல்தி ஆவட்டும்மா" என்றார்.

அவள் உட்கார்ந்து என் துணியை மடித்தாள்.

"பை வேணுமா மேடம்?"