பஸ்ஸில் ஏறிய ஃபிட்னஸ்

இன்று காலை மன்னார்புரம் பக்கத்தில் சைக்கிள் பஞ்சர். கடையில் விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினேன். சைக்கிள் ஓட்டுவதைப் பதிவு செய்யும் வாட்ச்சை நிறுத்த மறந்துவிட்டேன்.

டிரைவர் ஓட்டிய ஓட்டில் என் இதயத் துடிப்பும் ஏறியிருந்தது. அதனால் வாட்ச்சோடு இணைந்த போன் ஆப்புக்கு, நான் சைக்கிள் மிதிக்கவில்லை என்ற சந்தேகமே வரவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால், கிராஃபில் மாதக்கணக்காகப் படுத்துக் கிடந்த ஃபிட்னஸ் கோடு எழுந்து நிற்கிறது. களைப்புக் கோடு அதற்கும் மேலே. "கடுமையான பயிற்சி. இன்று முழு ஓய்வு தேவை" என்று சிவப்பில் எச்சரிக்கை.

படுத்துவிட்டேன். நிஜமாகவே கால் வலித்தது.

"பஸ்ல உக்காந்து வந்ததுக்கு எப்படிங்க கால் வலிக்கும்?" என்றாள் மனைவி.

கிராஃபைக் காட்டினேன்.

"அப்ப அந்த டிரைவரை ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. நீங்க போயி தண்ணி கேனைத் தூக்கிட்டு வாங்க."

இதற்குள் ஆப் அந்தப் பதிவைத் தானாகவே எங்கள் சைக்கிள் குரூப்பில் போட்டுவிட, அங்கே ஒரே பாராட்டு. கொள்ளிடம் பாலத்தில் தினமும் என்னை முந்திப் போகும் ராகவன், "சார், எனக்கும் ஒரு டிரெய்னிங் பிளான் போட்டுக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார்.

பதிவை அழிக்க விரல் போனது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

ராகவனுக்கு என்ன பதில் போடலாம், சொல்லுங்கள். உண்மையைச் சொல்வதென்றால், மன்னார்புரத்தில் ஏறி, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காரச் சொல்ல வேண்டும்.