வான்மதி தைத்த பல்கேரியச் சட்டை

வான்மதிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கோபிச்செட்டிபாளையத்தில் கல்லூரி முடித்த கையோடு தையல் வகுப்பு நடத்தி, கல்யாணப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட்டில் பூப்போட்டுக் கொடுத்தவள். அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டு வந்து டெக்சாஸில் காப்பெல் என்கிற ஊரில் ஒரு அபார்ட்மென்ட்டில் உட்கார வைத்தான் மதன். அவனுக்குக் கம்ப்யூட்டரில் ஒய்-டூ-கே வேலை, மூச்சுவிட நேரமில்லை. அவளுக்கோ எச்-ஃபோர் விசா. வேலைக்குப் போகக் கூடாது. படிப்பும் கைத்தொழிலும் இருந்தும் எங்கே போனாலும் அவள் மதனின் மனைவி, அவ்வளவுதான். வயிறு எரியாதா?

கீழ்வீட்டில் ஸ்டோயங்கா என்று ஒரு பல்கேரியக் கிழவி இருந்தாள். மகனோடு இருக்க வந்தவள். துணி துவைக்கும் ரூமில் வான்மதியின் ஜாக்கெட் கையிலிருந்த தையலைத் தடவிப் பார்த்தாள். அன்றைக்கே சிநேகம் ஒட்டிக்கொண்டது. பகல் முழுக்க ஆளில்லாத வீட்டில் கிடந்தவளுக்கு வேறென்ன வேண்டும்?

கிழவி ஓயாமல் பேசுவது தன் கல்யாணச் சட்டையைப் பற்றித்தான். கணுக்கால்வரை தொங்கும் வெள்ளைச் சட்டை. கழுத்திலும் கை முனையிலும் கீழ் விளிம்பிலும் சிவப்பு நூலில் நெருக்கமான தையல். துணி முடிகிற இடத்தில்தான் கெட்டது உள்ளே நுழையுமாம், அதைத் தடுக்கத்தான் சிவப்பாம். திருஷ்டிப் பொட்டு வைத்து வளர்ந்தவளுக்கு இதையெல்லாம் விளக்கவா வேண்டும்? கிழவியின் அம்மா தன் கல்யாணத்துக்குத் தைத்து உடுத்தி, பிறகு மகளுக்கும் உடுத்திவிட்ட சட்டை அது. ஊரில் பணம் செல்லாக்காசாகிப் போன குளிர்காலத்தில் அதைக் கிழவி ரொட்டிக்காக விற்றுவிட்டாளாம். சொல்லும்போதே அழுதாள்.

"நான் தெச்சுத் தர்றேன் ஆன்ட்டி" என்றாள் வான்மதி. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அப்போதுதான்.

கட்டம்போட்ட தாளில் கிழவி ஞாபகத்திலிருந்து வரைந்து கொடுக்க, இவள் இழை எண்ணி எண்ணித் தைத்தாள். ஒரு பூ தப்பினால் வரிசையையே பிரித்தாள். குளிர் போய் வெயில் வந்து, மறுபடி குளிரும் வந்தது. சீக்கிரம் கண்ணாடி போடப் போகிறாய் என்று மதன் கேலி செய்தான். முடித்துக் கையில் கொடுத்தபோது, வெள்ளை கண்ணைக் குத்துகிறது, தேயிலைத் தண்ணீரில் முக்கி எடு என்றாள் கிழவி. ஊரிலிருந்து கொண்டுவந்த நீலகிரித் தேயிலையைக் கொதிக்க வைத்து இவளே முக்கினாள். எதற்காகப் பழசாக்குகிறாள் என்று அந்த வெகுளிக்கு உறைக்கவே இல்லை.

காப்பெல் லைப்ரரியில் பல தேசத்து உடைகளைக் கண்காட்சியாக வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், போய்ப் பேசி இடம் பிடித்தது வான்மதிதான். ரெண்டு பேர் பேரையும் போடுவோம் என்று கிழவி தானாகத்தான் சொன்னாள். அன்றைக்கே வான்மதி கோபிக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னாள். தெரிந்த தமிழ்க் குடும்பங்களையெல்லாம் வரச் சொன்னாள். அமெரிக்கா வந்த பிறகு முதல்முறையாக அவள் பெயர் ஓரிடத்தில் இருக்கப் போகிறது, அந்தப் பூரிப்பு அவளுக்கு.

சனிக்கிழமை நல்ல கூட்டம். கண்ணாடிப் பெட்டிக்குள் சட்டை ஜம்மென்று இருந்தது. பக்கத்தில் கிழவியின் மகன் டைப் செய்து கொண்டுவந்த அட்டை. ஸ்டோயங்காவின் தாயார் தன் கையால் தைத்தது, தாயும் மகளும் கல்யாணத்துக்கு உடுத்தியது என்று எழுதியிருந்தது. வான்மதி திரும்பத் திரும்பப் படித்தாள். வேறு அட்டை இருக்குமோ என்று பெட்டியைச் சுற்றிக்கூட வந்தாள்.

பத்திரிகைக்காரி ஒருத்தி, இந்தப் பெண் யார் என்று கிழவியைக் கேட்டாள். கிழவி வான்மதியின் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

"மாடி வீட்டுப் பொண்ணு. தங்கமானவ. என்னைக் கார்ல கூட்டிட்டு வந்தா."

அடிப்பாவி! நாக்கு கூசவில்லையே.

டாலஸிலிருந்து பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்திருந்த நாகலக்ஷ்மி ஆன்ட்டி அட்டையைப் படித்துவிட்டுத் திரும்பினாள். "நீ தெச்சதுன்னு போன்ல சொன்னியேம்மா?"

உண்மையைச் சொன்னால் கிழவி ஊர் முன்னால் மோசக்காரியாவாள். சொல்லாவிட்டால் இவள் பொய்க்காரி.

"சும்மா கொஞ்சம் ஹெல்ப் பண்ணினேன் ஆன்ட்டி."

நாகலக்ஷ்மி சிரித்து முதுகில் தட்டிக் கொடுத்தாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு சட்டைக்காகவா இப்படி அழுகிறாய் என்று வீட்டில் மதன் கேட்டான். சட்டையாமே, சட்டை! நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அது அவனுக்கு எங்கே புரியப் போகிறது? கோபியிலிருந்து அம்மா போன் செய்தபோது, உன் பேரைப் பெருசாப் போட்டாங்களா என்றாள். ஆமாம்மா என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

திங்கட்கிழமை கிழவி மாடியேறி வந்தாள். கையில் சூடாகச் சீஸ் வைத்துச் சுட்ட பலகாரம், முகமெல்லாம் சிரிப்பு. ஹூஸ்டனில் இதைவிடப் பெரிய கண்காட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். அட்டையைப் பற்றி வான்மதி கேட்டபோது அவள் முகம் சுருங்கக்கூட இல்லை.

"இந்தியப் பொண்ணு டெக்சாஸ்ல தெச்சதுன்னா யாரு வந்து பாப்பாங்க? உனக்குத் தெரியாததா?" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து சிவப்பு நூல்கண்டுகளை எடுத்து நீட்டினாள். "சட்டைக்கு மேல கட்டுற ஏப்ரன் ஒண்ணு வேணும். உன் கை மாதிரி யாருக்கும் வராது."

வான்மதி நூலை வாங்கவில்லை.

"உங்கம்மாவையே தெச்சுத் தரச் சொல்லுங்க ஆன்ட்டி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.